திருப்பூர், 60,000 ரூபாய் பட்ஜெட்: டெலஸ்கோப் வாங்கலாமா, இருக்கிற கேமராவே போதுமா?

பனியன்நகர்வாசி எழுதியது:

வணக்கம். ஒரு வருடமாக இங்கே சத்தமில்லாமல் படித்துக்கொண்டிருக்கிறேன், இப்போதுதான் கேட்கத் துணிச்சல் வந்தது.

2024 செப்டம்பர் கடைசியில் சூச்சின்ஷான்-அட்லஸ் வால்மீன் வந்ததே, அதைப் பார்க்க விடியற்காலையில் மொட்டைமாடி ஏறினேன். கிழக்கே மங்கலாக, வாலோடு, நிஜமாகவே ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது. ஓரியன் நெபுலா என்கிற வானத்து வாயு மேகம், ஆண்ட்ரோமெடா கேலக்சி இதையெல்லாம் நானே படமெடுக்க வேண்டும் என்று ஆசை.

கையில் இருப்பவை: கேனான் 1500டி, அதோடு வந்த 18-55 லென்ஸ், 50 எம்எம் 1.8 லென்ஸ், கல்யாண வீடியோ எடுக்கும் ஒருவரிடம் பழசாக வாங்கிய கனமான ட்ரைபாட். செலவழிக்க 60,000 ரூபாய் வரை இருக்கிறது, அதற்கு மேல் போனால் வீட்டில் விசாரணைக் கமிஷன் வைப்பார்கள்.

ஆன்லைனில் 76 எம்எம் விட்டம், 700 எம்எம் குவியதூரம் உள்ள ஒரு கண்ணாடி டெலஸ்கோப் பார்த்தேன். 525 மடங்கு பெரிதாக்கும் என்று போட்டிருக்கிறது, பெட்டியின் மேல் நெபுலா படமெல்லாம் இருக்கிறது, விலையும் குறைவு. அதை வாங்கிக் கேமராவை மாட்டினால் போதுமா?

திருப்பூர் வானம் சாயப்பட்டறை விளக்கும் தெருவிளக்கும் சேர்ந்து ஆரஞ்சு நிறத்தில்தான் இருக்கும், ஐம்பது நட்சத்திரம் எண்ணினால் அதிகம். ஆனால் தாராபுரம் தாண்டி அம்மாச்சி ஊர் இருக்கிறது, அங்கே தோட்டத்தில் நல்ல இருட்டு.


கேட்டை எழுதியது:

முதலில் அந்த 525 மடங்கு டெலஸ்கோப்பின் பக்கத்தை மூடுங்கள். மூடிவிட்டீர்களா? சரி.

76 எம்எம் விட்டத்துக்கு மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்று வைத்தால் 150 மடங்கு வரைதான் பயன். அவர்கள் 4 எம்எம் கண்ணருகு லென்ஸைப் போட்டு 175 ஆக்கி, அதன் மேல் பார்லோ என்ற மூன்று மடங்கு துணை லென்ஸைச் செருகி 525 என்று கணக்குக் காட்டுகிறார்கள். கணக்கு சரி, படம் மட்டும் கஞ்சி மாதிரி இருக்கும். தவிர அந்த பிளாஸ்டிக் ஃபோகஸரில் உங்கள் கேமராவை மாட்டினால் தொங்கிவிடும். இந்த மாதிரி குழாய்கள் பலவற்றில் டிஎஸ்எல்ஆர் சென்சார் இருக்கும் தூரத்தில் ஃபோகஸே கிடைக்காது. அதற்குக் கீழே இருக்கும் ஸ்டாண்டு பற்றி நான் பேசப்போவதில்லை.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். முதலில் 750 எம்எம் குவியதூரத்தில் நியூட்டோனியன் என்ற கண்ணாடி டெலஸ்கோப் வாங்கினேன், மீதி இருந்த சில்லறைக்கு ஒரு மவுண்ட் வாங்கினேன். இரண்டு வருடம் ஒரு படம்கூட உருப்படியாக வரவில்லை. பூனை மாடியில் நடந்தாலே நட்சத்திரம் ஆடும். ஆழ்வான் படத்தில், அதாவது நெபுலா, கேலக்சி படத்தில், காசு போகவேண்டிய இடம் குழாய் அல்ல, அதைச் சுமந்துகொண்டு வானத்தோடு சேர்ந்து திரும்பும் மவுண்ட். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மோட்டார் சைக்கிள் விலை ஆனது.

உங்களுக்கு இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். தை அமாவாசைக்கு அம்மாச்சி ஊருக்குப் போங்கள். 50 எம்எம் லென்ஸ், அந்தக் கல்யாண ட்ரைபாட், ஓரியன், அவ்வளவுதான். இரவு ஒன்பது பத்து மணிக்கு ஓரியன் நல்ல உயரத்தில் இருக்கும்.

எத்தனை நொடி திறந்து வைப்பது என்பதுதான் முக்கியம். 500ஐ குவியதூரத்தால் வகு என்று ஒரு விதி சுற்றிக்கொண்டிருக்கிறது. உங்கள் சென்சார் சின்னது, 1.6 பெருக்க வேண்டும், அப்படிப் பார்த்தால் ஆறு நொடி வரும். நம்பாதீர்கள், அது பிலிம் காலத்து விதி. வானம் நொடிக்கு 15 ஆர்க்செகண்ட் சுற்றுகிறது (ஒரு டிகிரியை 3600 ஆக வெட்டினால் ஒரு துண்டு ஒரு ஆர்க்செகண்ட்). உங்கள் கேமராவில் 50 எம்எம் லென்ஸ் போட்டால் ஒரு பிக்சலுக்கு வருவதும் ஏறக்குறைய அதே 15 ஆர்க்செகண்ட்தான். அதாவது நொடிக்கு ஒரு பிக்சல் நகர்கிறது. ஓரியன் வான நடுக்கோட்டுக்கு (பூமியின் நடுக்கோட்டுக்கு நேர் மேலே வானத்தில் ஓடும் கோடு) பக்கத்தில் இருப்பதால் அதற்கு முழு வேகம், துருவத்துப் பக்கம் இருக்கும் நட்சத்திரம் போல மெதுவாகப் போகாது. மூன்று நொடி வையுங்கள், பொறுக்க முடியாவிட்டால் நான்கு.

மூன்று நொடியில் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஒரு படத்தில் பெரிதாக ஒன்றும் தெரியாது. அதனால்தான் முந்நூறு எடுக்கிறோம். நட்சத்திரங்களை வைத்துப் படங்களைப் பொருத்தியதும் நெபுலாவின் ஒளி எல்லாப் படத்திலும் ஒரே இடத்தில் விழும், இரைச்சல் படத்துக்குப் படம் இடம் மாறும், எல்லாவற்றையும் ஒன்றின் மேல் ஒன்று அடுக்கிச் சராசரி எடுத்தால் இரைச்சல் படங்களின் எண்ணிக்கைக்கு வர்க்கமூல அளவில் குறையும். நூறு படத்துக்குப் பத்தில் ஒரு பங்கு, நானூறுக்கு இருபதில் ஒரு பங்கு. அடுக்க டீப்ஸ்கைஸ்டாக்கர் இருக்கிறது, சிரில் இருக்கிறது, இரண்டும் இலவசம்.

லென்ஸை 1.8லேயே திறந்து வைக்காதீர்கள், மூலை நட்சத்திரமெல்லாம் சிறகு முளைத்த ஈசல் மாதிரி ஆகும். எஃப் 2.8 வையுங்கள். ஐஎஸ்ஓ 1600, கேமரா சுருக்காத மூலப்படமான ரா ஃபைல் மட்டும், ஜேபெக் வேண்டாம். ஃபோகஸுக்கு லைவ் வியூவைப் பத்து மடங்கு பெரிதாக்கி சிரியஸ் நட்சத்திரத்தின் மேல் வைத்து, புள்ளி எவ்வளவு சின்னதாகிறதோ அவ்வளவு சின்னதாக்கி, வளையத்தை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். முடிவிலிக் குறியில் வைத்தால் போதும் என்பது பொய், அந்த லென்ஸில் அந்தக் குறியே கிடையாது. ஷட்டரைக் கையால் அழுத்த வேண்டாம், கம்பி ரிமோட் மலிவாகக் கிடைக்கும்.

எல்லாம் முடிந்ததும் லென்ஸ் மூடியைப் போட்டு அதே நொடி, அதே ஐஎஸ்ஓவில் முப்பது படம் எடுங்கள், அது டார்க், சென்சாரின் சொந்தக் குறைகளைக் கழிக்க. மறுநாள் விடியலில் லென்ஸ் மேல் வெள்ளை பனியன் துணியை இழுத்துக் கட்டி, வெளிறிய வானத்தைப் பார்த்து முப்பது, அது ஃப்ளாட். மூலை இருட்டும் சென்சார் தூசியும் அதில்தான் போகும். ஃபோகஸை மட்டும் இடையில் தொட்டுவிடாதீர்கள். ஊரெல்லாம் வெள்ளைத் துணிக்கு அலைகிறார்கள், திருப்பூர்க்காரருக்கு அந்தக் கவலையும் இல்லை.


மொட்டைமாடி_டீச்சர் எழுதியது:

கேட்டை சொன்னதில் படம் பற்றி எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் தம்பி வால்மீனைக் கண்ணால் பார்த்துத்தானே பைத்தியமானது? அப்புறம் ஏன் எல்லோரும் அவரைக் கணினி முன்னால் உட்கார வைக்கப் பார்க்கிறீர்கள்.

தம்பி, 10x50 பைனாகுலர் ஒன்று வாங்குங்கள், உங்கள் பட்ஜெட்டில் கொசுறு. 10 என்பது பெரிதாக்கம், 50 என்பது முன் லென்ஸின் விட்டம். தோட்டத்தில் கயிற்றுக்கட்டிலில் மல்லாந்து படுத்துப் பாருங்கள். கை நடுங்காமல் இருக்க முழங்கையை மார்பில் ஊன்றிக்கொள்ளுங்கள். பகலில் அதைச் சூரியன் பக்கமே கொண்டுபோகக் கூடாது, வீட்டில் குழந்தைகள் இருந்தால் பூட்டி வையுங்கள்.

நட்சத்திரம் கற்றுக்கொள்ள உங்களுக்கு ஏற்கனவே பாதி தெரியும், தெரியும் என்பதுதான் தெரியாது. பஞ்சாங்கத்தில் தினமும் வருகிற பெயர்கள்தான். கார்த்திகை என்பது ப்ளையடீஸ் கொத்து. ரோகிணி அதற்குக் கிழக்கே சிவப்பாக ஆல்டெபரான். மிருகசீரிடம் ஓரியனின் தலை. திருவாதிரை அவன் தோளில் இருக்கும் பீட்டல்ஜூஸ். எங்கள் பாட்டி மார்கழித் திருவாதிரைக்குக் களி கிண்டுவாள், அந்த நட்சத்திரம் சூரியனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு விட்டம் கொண்டது என்று நான் சொன்னபோது "அதான் களி" என்றாள். இந்தப் பெயர்களை வைத்து வரிசையாக ஒரு மாதம் பார்த்தால் வானத்தின் பாதை முழுக்க மனதில் ஏறிவிடும். சந்தேகம் வந்தால் ஸ்டெல்லேரியம் இலவசமாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். கண்ணால் பார்த்தால் நிறம் வராது. மங்கலான வெளிச்சத்தில் நம் கண் நிறம் பார்ப்பதில்லை. என்னிடம் 8 அங்குல டாப்சோனியன், அதாவது எளிய பெட்டி ஸ்டாண்டில் கையால் திருப்பும் கண்ணாடி டெலஸ்கோப், இருக்கிறது, அதில்கூட ஓரியன் நெபுலா சாம்பல் கலந்த இளம்பச்சைப் புகைதான், நடுவில் நான்கு குட்டி நட்சத்திரம். ஆண்ட்ரோமெடா, கண்ணாடியில் ஊதிய மூச்சு மாதிரி. அந்த மூச்சு கிளம்பி 25 லட்சம் ஆண்டு ஆகிறது என்று நினைத்துக்கொண்டே பார்த்தால் எனக்குப் போதுமாக இருக்கிறது, எல்லோருக்கும் போதும் என்று சொல்லமாட்டேன். டாப்சோனியன் படமெடுக்க உதவாது, நிலாவைத் தவிர.


ஓசூர்_பொத்தான் எழுதியது:

நான் அடி வாங்கத் தயாராகவே வருகிறேன். சீஸ்டார் எஸ்50 என்ற தானியங்கி டெலஸ்கோப் வாங்குங்கள்.

50 எம்எம் லென்ஸ், 250 எம்எம் குவியதூரம், உள்ளேயே சென்சார், மோட்டார், ஃபோகஸ், ஃபில்டர் எல்லாம். எடை இரண்டரை கிலோ. போனில் எம் 42 (ஓரியன் நெபுலாவின் பட்டியல் எண்) என்று தொட்டால் தானே தேடி, தானே ஃபோகஸ் பண்ணி, பத்துப் பத்து நொடியாக எடுத்து அடுக்கிக்கொண்டே போகும், நீங்கள் தோசை சாப்பிடலாம். உங்கள் பட்ஜெட்டுக்குப் பக்கத்தில்தான் விலை. என் குழந்தை ஒன்பதரைக்குத் தூங்கும், எனக்குக் கிடைப்பது ஒரு மணி நேரம், அதில் நான் மவுண்ட் சமன் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

ஊருக்குள்ளேயே வேலை செய்வதுதான் இதில் எனக்குப் பிடித்தது. அதன் இரட்டைப் பட்டை ஃபில்டர் ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பையும் ஆக்சிஜனின் 501 பச்சையையும் ஒட்டிய ஒளியை மட்டும் விடும், தெருவிளக்கின் ஒளியில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும். ரோசெட் நெபுலாவை என் மாடியிலிருந்து, கீழே டீக்கடை விளக்கு எரியும்போதே எடுத்திருக்கிறேன். ஆனால் இந்த வித்தை சிவப்பு நெபுலாக்களுக்குத்தான். கேலக்சி என்பது நட்சத்திரங்களின் வெளிச்சம், அது எல்லா நிறத்திலும் வருகிறது, எல்ஈடி தெருவிளக்கும் எல்லா நிறத்திலும் வருகிறது, எதை வெட்டுவீர்கள்? கேலக்சிக்கு இருட்டைத் தேடிப் போகத்தான் வேண்டும்.


கேட்டை எழுதியது:

அடிக்கமாட்டேன், நல்ல கருவி. ஆனால் அதன் பார்வைப் பரப்பு 1.3 டிகிரிக்கு 0.7 டிகிரி, ஆண்ட்ரோமெடா மூன்று டிகிரி நீளம். துண்டு துண்டாக எடுத்து ஒட்டும் வசதி கொடுத்திருக்கிறார்கள், நேரம் பல மடங்கு ஆகும். தவிர அது மேலும் கீழும் பக்கவாட்டிலும் நகர்வதால் வானம் படத்துக்குள் சுழலும், மூலைகளை வெட்ட வேண்டி வரும். ஆப்பு வைத்துச் சாய்த்து அதைச் சரிசெய்யலாம், ஆனால் அப்போது நீங்களும் துருவத்தைத் தேடித்தான் ஆகவேண்டும்.

குழந்தை காரணத்தை மட்டும் முழுதாக ஒப்புக்கொள்கிறேன். பனியன்நகர் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று அவர்தான் சொல்லவேண்டும்.


பனியன்நகர்வாசி எழுதியது:

இன்னும் இல்லை. :)

தை அமாவாசை முடிந்து வந்துவிட்டேன். படம் கீழே இணைத்திருக்கிறேன், சிரிக்காதீர்கள்.

தோட்டத்தில் மோட்டார் ரூமுக்குப் பின்னால் ட்ரைபாடை வைத்தேன். அம்மாச்சி இரண்டு முறை டார்ச்சோடு வந்து "சாப்பிட்டியா சாமி" என்று கேட்டதில் சில படங்கள் வெள்ளை. தூரத்தில் காற்றாலைச் சிவப்பு விளக்குகள் கண் சிமிட்டிக்கொண்டே இருந்தன. மொத்தம் 312 எடுத்தேன், கழித்தது போக 270 மிச்சம். வீட்டுக்கு வந்து சிரிலில் போட்டேன், கணினி இருபது நிமிடம் விசிறி சுற்றியது. ஆரம்பத்தில் திரை முழுக்கக் கறுப்பு, வீணாய்ப் போச்சு என்று நினைத்தேன். மங்கலான ஒளியைத் தூக்கிக் காட்டும் ஸ்ட்ரெச் பண்ணியதும் ஓரியனின் வாளுக்கு நடுவே இளஞ்சிவப்பாக, சிறகு விரித்த மாதிரி, நான் எடுத்த நெபுலா. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இது நெட்டில எடுத்ததா?" என்றார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். நட்சத்திரமெல்லாம் முட்டை மாதிரி இருக்கிறது (ஒரு வீடியோ பார்த்து ஆறு நொடி வைத்துவிட்டேன், மன்னிக்கவும்). பின்னணி ஒரு பக்கம் பழுப்பாக இருக்கிறது. நெபுலாவின் நடு வெள்ளையாக எரிந்துவிட்டது. ரொம்பச் சின்னதாகவும் இருக்கிறது. பக்கத்திலேயே குதிரைத்தலை நெபுலா என்கிறார்களே, அது இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை.

அப்புறம், கேமராவை வானத்தோடு சேர்த்துத் திருப்பும் சின்ன மவுண்டான டிராக்கர் வாங்கலாம் என்று முடிவு பண்ணிவிட்டேன். ஆனால் அதற்குத் துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டுமாமே. வடக்கே முழுக்கத் தென்னந்தோப்பு. தோப்பு இல்லாத இடத்தில் நின்று பார்த்தாலும் தெரியவில்லை.


கேட்டை எழுதியது:

சிரிக்கவில்லை. என் முதல் இரண்டு வருடத்தில் இப்படி ஒன்று வரவில்லை.

முட்டைக்குக் காரணம் நீங்களே சொல்லிவிட்டீர்கள். பழுப்பு, தாராபுரத்தின் வெளிச்சம். சிரிலில் பின்னணி நீக்கம் என்ற வேலையை ஸ்ட்ரெச்சுக்கு முன்னால் செய்ய வேண்டும், பின்னால் செய்தால் கறை மாதிரி நிற்கும். நடுப்பகுதி எரிந்தது எல்லோருக்கும் நடப்பது, அந்த நெபுலாவின் நடுவும் விளிம்பும் வெளிச்சத்தில் அவ்வளவு தூரம் வேறுபடும். அரை நொடிப் படங்கள் தனியாக ஒரு கட்டு எடுத்து நடுவில் மட்டும் கலக்கலாம். இப்போது வேண்டாம். சின்னதாக இருப்பது கணக்குதான்: நெபுலா ஒரு டிகிரிக்குப் பக்கம், உங்கள் லென்ஸில் அது 230 பிக்சல் போல. 135 எம்எம் லென்ஸ் பழசாகக் கிடைத்தால் 630 ஆகும். 55-250 கேனான் லென்ஸும் மலிவு, மோசமில்லை. குதிரைத்தலைக்குப் பின்னால் இருப்பது முழுக்க அந்த 656 நானோமீட்டர் சிவப்பு. சாதாரணக் கேமராவில் சென்சாருக்கு முன்னால் உள்ள வடிகட்டி அதில் பெரும்பகுதியை உள்ளேயே விடாது. அதை எடுத்துவிட்டு மாற்றித் தருகிறவர்கள் உண்டு, ஆனால் கல்யாணப் படமெல்லாம் சிவப்பாக வரும், பழைய கேமராவில் மட்டும் செய்யுங்கள்.

இப்போது துருவம். டிராக்கரின் அச்சு வானத்தின் வட துருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும், அதற்குத்தான் அந்த நட்சத்திரம். இது நம் ஊருக்கே உரிய தலைவலி, வெளிநாட்டு வீடியோக்களில் யாரும் சொல்லமாட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்கு அது ஐம்பது டிகிரி உயரத்தில் ஜம்மென்று நிற்கிறது. துருவ நட்சத்திரம் நம் அட்சரேகை எவ்வளவோ அவ்வளவு உயரத்தில்தான் இருக்கும். தாராபுரத்துக்கு 10.7 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கி அடிவானத்தின் மேல் வைத்தால் அதற்குச் சற்று மேலே. தூசி, பனிமூட்டம், தென்னை, பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி, எல்லாம் இருக்கும் உயரம் அது. அது அப்படியொன்றும் பிரகாசமான நட்சத்திரமும் இல்லை.

ஆனால் பயப்படாதீர்கள். போனில் சாய்வுமானி செயலியை வைத்து டிராக்கரின் அச்சை 10.7க்குச் சாய்த்துவிடுங்கள். திசைக்குக் காந்த ஊசி. நம் பகுதியில் காந்த வடக்கும் உண்மை வடக்கும் ஒன்றிரண்டு டிகிரிக்குள்தான், ஆனால் ட்ரைபாடின் இரும்பிலிருந்து போனைத் தள்ளி வைத்துப் பாருங்கள். அதற்கு மேல் துல்லியம் வேண்டுமானால் நகர்வை வைத்துப் பிடிக்கும் பழைய முறை இருக்கிறது: தெற்கே உச்சிக்கோட்டில் (வடக்கிலிருந்து தலைக்கு மேலாகத் தெற்கே போகும் கோடு), வான நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரத்தைப் படச்சட்டத்தில் வைத்து, சில நிமிட இடைவெளியில் படம் எடுங்கள். அது தெற்கே நழுவினால் உங்கள் அச்சு கிழக்கே தள்ளிப் பார்க்கிறது, வடக்கே நழுவினால் மேற்கே. கொஞ்சம் திருகி மறுபடி. உயரத்துக்குக் கிழக்குப் பக்கம் ஒரு நட்சத்திரத்தை இதேபோல் பாருங்கள், தெற்கே நழுவினால் அச்சு தாழ்ந்திருக்கிறது. முதல் நாள் ஒரு மணி நேரம் ஆகும், ஐந்தாம் நாள் பத்து நிமிடம். பின்னால் மடிக்கணினி கொண்டுபோகும் நிலைக்கு வந்தால், வானத்தில் எங்காவது மூன்று படம் எடுத்துத் தானே கணக்குப் போடும் மென்பொருள் உண்டு, துருவ நட்சத்திரம் தெரியவே வேண்டாம்.

எவ்வளவு துல்லியம் போதும் என்று கேட்டால், அரை டிகிரி தப்பினாலும் 135 லென்ஸில் ஒரு நிமிடத்துக்கு ஒன்றரை பிக்சல்தான் நகரும். துருவ நட்சத்திரமே உண்மைத் துருவத்திலிருந்து அரை டிகிரிக்கு மேல் தள்ளித்தான் இருக்கிறது. மூன்று நொடியிலிருந்து அறுபது நொடிக்குப் போகிறீர்கள், அதைப் பார்த்துச் சந்தோஷப்படுங்கள். வாங்கும்போது மட்டும் அதன் அச்சு 10 டிகிரி வரை தாழுமா, அப்படித் தாழ்த்தினால் எதிர் எடை ட்ரைபாட் காலில் இடிக்குமா என்று கடையில் மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். நிறையப் பேர் இதைக் கேட்காமல் வாங்கிவிட்டு ரம்பம் தேடுகிறார்கள்.


மொட்டைமாடி_டீச்சர் எழுதியது:

துருவம் தாழ்வாக இருக்கிறது என்று அழுகிறீர்களே, அதனால் கிடைக்கும் கூலியையும் சொல்லுங்கள் கேட்டை. வடக்கு எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவு தெற்கு நமக்கு ஏறி வருகிறது. அகத்தியர் நட்சத்திரம் கனோபஸ், இப்போதே தெற்கே நன்றாகத் தெரியும். மார்ச்சில் கரீனா நெபுலா 20 டிகிரி உயரம் வரை வரும், ஓரியன் நெபுலாவைவிடப் பெரியது. இதையெல்லாம் எடுக்க ஐரோப்பாவில் இருப்பவர்கள் நமீபியாவுக்கு விமானம் ஏறுகிறார்கள், தம்பிக்குத் தாராபுரம் பஸ் போதும்.

அப்புறம் ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து. சித்திரை மாதத்தில் நள்ளிரவுக்கு நேர் தெற்கே, 32 டிகிரி உயரத்தில். வெறும் கண்ணுக்கே பஞ்சு ஒட்டிய நட்சத்திரம் மாதிரி தெரியும். என் டாப்சோனியனில் தாம்பாளத்தில் ரவையைக் கொட்டியது போல இருக்கும், அது ஒரு கோடி நட்சத்திரம். வைகாசி தாண்டினால் உங்கள் பக்கம் மேகமும் காற்றும் வந்துவிடும், ஆடிக்காற்றில் எந்த ட்ரைபாடும் நிற்காது, ஐப்பசியில் மழை. ஆகவே சித்திரைக்குள் இரண்டு மூன்று அமாவாசைதான் கையில் இருக்கிறது.

பைனாகுலர் வாங்கினீர்களா இல்லையா, அதைச் சொல்லவே இல்லையே?


பனியன்நகர்வாசி எழுதியது:

வாங்கிவிட்டேன் டீச்சர். இப்போது அம்மாச்சியிடம் இருக்கிறது, கார்த்திகையில் ஆறுதான் என்று எண்ணிப் பழகியவர், முப்பதுக்கு மேல் எண்ணிவிட்டாராம். திருப்பித் தரமாட்டார் போலிருக்கிறது.